பாதியில் நிற்கும் தையல் வேலைகள்: எந்த இடத்தில் நிற்கின்றன?

ஜனவரி 4: வாசகி ஒருவரின் கேள்வி

பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கப் பாதி முடித்த வேலைகள். அறுகோணத் துண்டுகளைக் கையாலேயே இணைத்த ஒரு கட்டில் போர்வை, மேல்துணி மட்டும் தயார். இரண்டு கிராஸ் ஸ்டிச் படங்கள். ஒரு பருத்திப் புடவையின் முந்தானையில் தொடங்கிய பூவேலை. எனக்குப் பொறுமை போதாது என்கிறாள் அக்கா. எல்லாவற்றையும் முடிக்கும்வரை புதுத் துணி, நூல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பலன் கிடைத்ததா?

ஜனவரி 5

பொறுமை போதாது என்ற பேச்சை முதலில் தள்ளிவிடுங்கள். ஒரு அங்குலப் பக்கமுள்ள அறுகோணம் என்றால் 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு ஏறக்குறைய 2,000 துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காகித அச்சு வைத்து, துணியை அதன்மேல் மடித்துத் தைத்து, பிறகு பக்கத்துத் துண்டோடு ஓரத்துக்கு ஓரம் சேர்க்க வேண்டும். அதைச் செய்து முடித்தவருக்குப் பொறுமை இல்லையென்று அக்கா சொன்னாலும் சரி, யார் சொன்னாலும் சரி, கேட்காதீர்கள்.

என்னிடம் ரவிக்கைப் பிட்டுகளில் செய்த முக்கோணப் போர்வை ஒன்று பல வருஷம் அலமாரியில் கிடந்தது. பக்கத்துத் தெருத் தையல்காரர் மூட்டையாகக் கொடுத்த டூ பை டூ துண்டுகள். மேல்துணியின் கடைசி இணைப்பைப் போட்ட அன்று மாலையே மடித்து உள்ளே வைத்தேன். அதுவரை தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஊசியை எடுத்தால் போதும், வேலை நடக்கும். அதற்கு அடுத்துச் செய்ய வேண்டியதோ தையலே இல்லை. மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவில் வைக்கும் மெத்தென்ற அடுக்கான வாடிங் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டும், பின்துணி வாங்க வேண்டும், கூடத்து நாற்காலிகளை எல்லாம் நகர்த்த வேண்டும், முழங்கால் போட்டுத் தரையில் உட்கார வேண்டும். ஊசிக்குப் பழகிய கைக்கு அது வேறு வேலை. வேறு இடம் வேண்டும், வேறு நேரம் வேண்டும், சில சமயம் இன்னொரு ஆளும் வேண்டும்.

நான் பார்த்தவரை தையல் வேலைகள் நிற்பது இந்த மாதிரி இடத்தில்தான்: ஒரு வகை வேலை முடிந்து இன்னொரு வகை வேலை தொடங்கும் திருப்பத்தில். எம்பிராய்டரியில் அது கடைசிப் பூ முடிந்து, துவைத்து, சட்டம் போடக் கொடுக்க வேண்டிய இடம். ஆரி வேலை செய்த ரவிக்கை என்றால், தைக்கக் கொடுக்க வேண்டிய இடம். போர்வையில் இரண்டு திருப்பம் உண்டு. மேல்துணி, வாடிங், பின்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்க்கும் இடம் ஒன்று, சுற்றி ஓரத்தை மூடும் ஓரப்பட்டி வைக்கும் இடம் இன்னொன்று.

அதனால் வாங்காத விரதத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பீரோவில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசியாக என்ன செய்தீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அதனுடனேயே ஊக்குக் குத்தி வையுங்கள். 'போர்வையை முடிக்கணும்' என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. 'பின்துணிக்கு அளவெடுக்கணும்' என்று எழுதினால் நாளைக்கே செய்யலாம்.

ஜனவரி 5, இரவு

எடுத்து வெளியே போடும்போதே இதையும் செய்துவிடுங்கள். துணியில் குத்தியபடியே விட்ட ஊசிகளை உருவுங்கள். கடற்கரை ஊர்க் காற்றில் ஊசி துருப்பிடித்தால் அந்தக் கறை துணியை விட்டுப் போவது கடினம். வளையத்தைக் கழற்றுங்கள், வட்டத் தடம் ஆழமாகப் பதிய விடாதீர்கள். தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்த கோடு இருந்தால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகவே கூடாது, சூடு பட்டால் அந்த நீலம் நிரந்தரமாகிவிடும். தானாக மறையும் ஊதாப் பேனாவால் வரைந்திருந்தால் இந்நேரம் டிசைனே போயிருக்கும். அதுவும் ஒரு வேலை நிற்பதற்குக் காரணம்தான். மறுபடி வரைய வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதுங்கள்.

ஜனவரி 9

சீட்டுகளின் விவரம் வந்தது. அறுகோணப் போர்வையில் எழுதியிருப்பது: 'மேல்துணி முடிந்தது, காகிதம் எல்லாம் எடுத்தாயிற்று. விரிக்க இடமில்லை. பின்துணி இல்லை.' முந்தானையில்: 'கடைசி இலைக்கு வேண்டிய பச்சை நூல் தீர்ந்தது.' கிராஸ் ஸ்டிச் இரண்டிலும் 'வானம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

முந்தானை சுலபம். சாயம் ஒவ்வொரு தடவையும் அச்சாக ஒரே மாதிரி வராது, அதனால் புதிதாக வாங்கும் கண்டு ஒரு பொடி மாறி இருக்கலாம். ஆறு இழையில் ஒன்றைப் பழைய பச்சையிலிருந்தும் ஒன்றைப் புதியதிலிருந்தும் எடுத்து ஒன்றாகக் கோர்த்துத் தைத்தால் மாற்றம் கண்ணை உறுத்தாது. பழையது முழுக்கத் தீர்ந்திருந்தால், இலையில் நிறம் மாறினால் அழகுதான், மாற்றத்தை மறைக்க முயலாமல் இரண்டு மூன்று இலைகளைப் புது நிறத்தில் பரவலாகப் போட்டுவிடுங்கள்.

போர்வைக்கு வருகிறேன். பின்துணி மேல்துணியைவிட நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். 60க்கு 90 என்றால் பின்துணி 68க்கு 98. 36 அங்குலப் பாப்ளின் வாங்கினால் இரண்டு அகலம் சேர்க்க வேண்டிவரும். என் யோசனை: எட்டு முழ வேட்டி. 3.6 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். குறுக்கே சரிபாதியாக வெட்டி, கரையோடு கரை வைத்துச் சேர்த்தால் ஏறக்குறைய 70க்கு 99 அங்குலம் கிடைக்கும். அளவு அப்படியே பொருந்துகிறது. பல தடவை துவைத்த வேட்டி என்றால் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். ஜரிகைக் கரை வேண்டாம், நூல் கரை போதும்.

இடமில்லை என்பதற்கு: கூடத்தைக் கழுவித் துடைத்து, வேட்டியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, ஓரத்தை டேப்பால் தரையில் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் நெசவு வளையும் அளவுக்கு இழுக்கக் கூடாது. அதன்மேல் வாடிங், அதன்மேல் மேல்துணி நல்ல பக்கம் மேலே பார்க்க. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிக்கொண்டே போங்கள். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு, அல்லது பெரிய பெரிய ஓட்டுத் தையல். எப்போதும் நடுவில் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து வந்தால் நடுவில் துணி கூம்பிக்கொண்டு நிற்கும்.

தனியாகச் செய்யாதீர்கள். அக்காவைக் கூப்பிடுங்கள். அமெரிக்கக் கிராமங்களில் பெண்கள் மேல்துணியை வீட்டில் தனியாகச் செய்துவிட்டு, அடுக்குச் சேர்த்துத் தைக்கும் கட்டத்துக்கு மட்டும் அக்கம்பக்கத்தாரை அழைத்து ஒரு பெரிய சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். குவில்ட்டிங் பீ என்று அதற்குப் பேர். எந்தக் கட்டம் ஒரு ஆளால் ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாடிங் கிடைக்காவிட்டால் பழைய ஃபிளானல் போர்வை ஒன்று போதும். நம் ஊர் வெயிலுக்குத் தடிமனான வாடிங் தேவையும் இல்லை.

ஜனவரி 18

பொங்கல் வேலைக்கு நடுவே இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 'வானம்' என்ற அந்தச் சீட்டு நான் 5ஆம் தேதி சொன்னதற்கு ஒத்துவரவில்லை. வானத்தில் திருப்பமே கிடையாது. நூலும் இருக்கிறது, துணியும் இருக்கிறது, செய்யத் தெரியாததும் ஒன்றுமில்லை. ஆனாலும் நிற்கிறது. திருச்சியிலிருந்து இன்னொருவரும் இதையே எழுதியிருக்கிறார்: கோயில் கோபுரப் படத்தில் கோபுரம் முழுக்க முடிந்தது, பின்னால் இருக்கும் நீலத்தில் நின்றுபோனார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள அய்டா துணியில் 10க்கு 14 அங்குலப் படம் என்றால் 140 பெருக்கல் 196, அதாவது 27,440 குறுக்குத் தையல். அதில் பாதி வானம் என்று வைத்துக்கொண்டால் பதிமூன்றாயிரத்துக்கு மேல் நீலமாகவே போட வேண்டும். அதுவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாத நான்கைந்து நீலம்.

ஆக நிற்பதில் இரண்டு வகை. ஒன்று, அடுத்தது வேறு மாதிரி வேலையாக இருப்பதால் நிற்பது. இன்னொன்று, அடுத்ததும் அதற்கடுத்ததும் இதே வேலையாகவே இருப்பதால் நிற்பது. மருந்தும் வேறு வேறு. முதல் வகைக்கு அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும். இரண்டாவது வகைக்கு ஏற்பாடு உதவாது, வேலையையே மாற்றி அமைக்க வேண்டும்.

கிராஸ் ஸ்டிச்சுக்கு நான் செய்வது: துணி முழுக்கப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு, பிறகு உருவி எடுக்கக்கூடிய வழுக்கும் நூலால் ஓட்டிவிடுவேன். பத்துக்குப் பத்துச் சதுரமாக வேலை பிரியும். ஒரு சதுரம் என்பது 100 தையல், உட்கார்ந்த இடத்தில் முடிகிற அளவு. எண்ணிக்கையும் தப்பாது. வானத்துச் சதுரம் ஒன்று, பூ அல்லது கோபுரத்துச் சதுரம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடலாம். கோபுரத்தை முதலிலேயே முடித்தவருக்கு இது இனி உதவாது என்பது உண்மை. அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய படத்துக்கு வேறு வழி சொல்கிறேன். வானத்தைத் தைக்காமல் விடுங்கள். துணியின் வெறும் நெசவே வானமாக இருக்கட்டும். நான் ஒரு கிளிப் படத்தில் அப்படி விட்டேன், பின்னணி வெள்ளையாக இருந்ததால் கிளி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஏற்கெனவே கொஞ்சம் நீலம் போட்டிருந்தால், அதன் விளிம்பை நேராக நிறுத்தாமல் மேக ஓரம் மாதிரி ஏற்ற இறக்கமாக முடியுங்கள். அச்சுத்தாளில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஜனவரி 19

புதுசு தொடங்கக் கூடாதா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. தொடங்குங்கள். வாங்காமல் இருந்தால் பணம் மிஞ்சும். விரிக்க இடம் இல்லாத போர்வைக்கு அதனால் இடம் வந்துவிடாது. கையைச் சும்மா வைத்திருந்தால் ஊசியே அந்நியமாகிப் போகும்.

புதுப் போர்வை தொடங்கும்போது மட்டும் ஒன்றை விடாமல் செய்கிறேன். மேல்துணிக்கு வெட்டும் அன்றே ஓரப்பட்டியையும் வெட்டிச் சுருட்டி அதே பையில் போட்டுவிடுவேன். 60க்கு 90 போர்வையின் சுற்றளவு 300 அங்குலம், மூலைகளுக்கும் இணைப்புக்கும் பத்து சேர்த்து 310. 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டி எட்டு வெட்ட வேண்டும், அதாவது 20 அங்குலத் துணி. முன்கூட்டியே வெட்டிவிட்டால் கடைசித் திருப்பத்தில் மறுபடி கடைக்கு ஓட வேண்டாம். வருஷம் கழித்துப் போனால் அந்தத் துணி அந்தக் கடையில் இருக்கவும் இருக்காது.

ஜனவரி 30

திருப்பத்தில் வேலை நிற்கிறது என்றால், திருப்பமே இல்லாத போர்வை உண்டா? இந்தக் கேள்வி என்னைச் சில நாளாக விடவில்லை. உண்டு, அதுவும் பக்கத்து மாநிலத்திலேயே.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டம், ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் சித்தி என்ற இனத்து மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஒரு கண்காட்சியில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது முதலில் தைத்த விதம் பிடிபடவில்லை. ஓட்டுத் தையல் சதுரம் சதுரமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது.

செய்முறை இது: அடியில் பழைய புடவை ஒன்றை விரிப்பார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை மடித்து, ஒரு துண்டை வைத்து அதன் விளிம்பை உள்ளே மடித்து, எல்லா அடுக்கும் சேர்ந்து பிடிக்கும்படி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போவார்கள். துண்டு முடிந்த இடத்தில் அடுத்த துண்டு. நான்கு ஓரமும் சுற்றி வந்ததும் அதற்கு உள்ளே அடுத்த சுற்று. இப்படியே நடுவை நோக்கி. நடு மூடினால் போர்வை முடிந்தது. மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து இதழ்போல வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூலா என்று பேர், அது இல்லாத கவந்தியை ஆடை உடுத்தாததாகவே நினைப்பார்களாம்.

யோசித்துப் பாருங்கள். மேல்துணி தனி, அடுக்குச் சேர்ப்பது தனி, ஓரப்பட்டி தனி என்ற பிரிவே இதில் இல்லை. நம்மை நிறுத்தும் ஓரம் அவர்களுக்கு முதல் வேலை. முதல் தையலிலிருந்து கடைசித் தையல்வரை கை செய்வது ஒன்றுதான், ஆனால் துண்டுக்குத் துண்டு நிறம் மாறுவதால் வானம் மாதிரி அலுக்கவும் அலுக்காது. எந்த நாள் எடுத்தாலும் அடுத்து என்ன என்ற கேள்வி எழாது: தையல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துத் துண்டு. கூடத்தை ஒழிக்கத் தேவையில்லை, மடியில் வைத்தே தைக்கலாம்.

வங்காளத்துக் காந்தாவும் இந்தக் குணம் உடையதுதான். பழைய புடவைகளை முதலிலேயே அடுக்கி ஓரம் பிடித்துவிட்டுப் பிறகுதான் ஊசி வேலை. தைக்கும் நூலையும் புடவைக் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொள்வார்கள். மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி. நம் வீடுகளில் பச்சைக் குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டுத் தந்தார்களே, அதுவும் இதே வழிதான். என் அத்தை அப்படித் தைத்த எதையும் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

நான் இப்போது திண்டுக்கு உறையாக ஒரு சின்னக் கவந்தி முறைத் துணி தைத்துக்கொண்டிருக்கிறேன். வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி. துண்டுகளை முன்கூட்டியே வெட்டி வைக்கவில்லை, கையில் வருவதை வைத்துத் தைக்கிறேன். நடுவை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சின்னது இல்லையா.

பிப்ரவரி 2

'அப்படியானால் மேல்துணி தனியாகச் செய்யும் முறையே தப்பா?' என்று கேட்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை. அறுகோணத்தையோ நட்சத்திரத்தையோ கவந்தி முறையில் கொண்டுவர முடியாது. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் பழைய வேலைச் சட்டை, கால்சட்டைத் துணியில் செய்த போர்வைகளும் மேல்துணி தனி, அடுக்குத் தையல் தனிதான். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால் தலையில் போட்டது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. போர்வையைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் அப்போதே வாடிங்கும் பின்துணியும் வைத்துத் தைத்து முடித்துவிட்டு, கடைசியில் சதுரங்களை மட்டும் இணைப்பது. சின்ன வீட்டுக்கும் சாதாரண உஷா மெஷினுக்கும் இது ரொம்பப் பொருத்தம், கட்டில் அளவுத் துணியை மெஷினின் கழுத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை. பெரிய போர்வையை முதன்முதலில் தொடங்குகிறவர்கள் இதையே எடுங்கள்.

பிப்ரவரி 14

இதற்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்ச நாள் தேவைப்பட்டது. அம்மா பாதியில் விட்டுப் போன மேசை விரிப்பு ஒன்றைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நான்கு மூலையில் இரண்டில் பூவேலை முடிந்திருக்கிறது, மூன்றாவதில் ஒரு கொடி பாதி, நான்காவதில் வெறும் கோடு. முடிக்கலாமா, அப்படியே வைக்கலாமா?

என் சித்தியின் தலையணை உறை ஜோடி ஒன்று என்னிடம் வந்தது. ஒன்று முழுசாக முடிந்தது. மற்றதில் டிசைன் மட்டும்: டிரேசிங் தாளில் ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைத் தேய்த்துப் பதித்த புள்ளிக் கோடு. சித்தியின் காம்புத் தையல் அவ்வளவு நெருக்கம், என் கைக்கு அது வராது. முதலில் அவரைப் போலவே போட முயன்று, பிறகு அதை விட்டுவிட்டேன். என் கைக்கு வரும் இடைவெளியில், அவர் எடுத்துவைத்த சிவப்புக்குப் பக்கத்துச் சிவப்பில் முடித்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் தைத்தது எது என்று தெரியும். தெரியட்டும் என்றே விரும்பினேன்.

ஆனால் ஒரே துணியில் இரண்டு கை சேர வேண்டும் என்னும்போது நான் தயங்குவேன். நான் முடித்த உறை சித்தி ஊசியே வைக்காத துணி. உங்கள் அம்மாவின் விரிப்பில் அவர் கை நின்ற இடம் அந்தப் பாதிக் கொடியில் இருக்கிறது. அதை முடித்தால் அந்த இடம் மறையும். மறைந்தால் உங்களுக்கு நிம்மதியா, இழப்பா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

முடிக்காமல் வைப்பதற்கும் மதிப்பு உண்டு. இங்கிலாந்தில் பழைய அறுகோண வேலைகள் பல காகித அச்சு எடுக்கப்படாமலே கிடைத்திருக்கின்றன. கடிதத்தாளும் கணக்குப் புத்தகத் தாளும் வெட்டித்தான் அச்சு செய்தார்கள். அந்தக் காகிதத்தைப் படித்துத்தான் அது எந்தக் காலத்து வேலை என்று அருங்காட்சியகத்தார் கண்டுபிடிக்கிறார்கள். முடித்திருந்தால் காகிதத்தை உருவி எறிந்திருப்பார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிரான்சின் பேயோ நகரில் உள்ள ஏறக்குறைய 70 மீட்டர் நீளப் பூவேலைத் துணியின் கடைசிப் பகுதி இன்று இல்லை. ஆல்டர்னி தீவு மக்கள் 2013இல் அந்தக் கடைசிக் காட்சிகளைத் தாங்களே தைத்து முடித்தார்கள், மூலத் துணியைத் தொடாமல் தனித் துணியில். உங்கள் அம்மாவின் டிசைனை நகலெடுத்து இன்னொரு துணியில் நான்கு மூலையும் நீங்கள் தைக்கலாம். மேசையில் விரிக்க அது, எடுத்து வைக்க இது.

எடுத்து வைப்பதானால்: பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரித்து வேறு மடிப்பில் மடியுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அங்கேயே அறும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் தனித் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள், துணியின்மேல் நேராகப் படக் கூடாது.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு 'முடிக்கவும் மனசில்லை, வைக்கவும் மனசில்லை, இது அம்மாவுடையதும் இல்லை, நானே வாங்கிய கிட்' என்று ஒருவர். யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நூல், அச்சுத்தாள், ஊசி எல்லாம் சேர்த்து. எதுவரை எண்ணியிருக்கிறீர்கள் என்பதை அச்சுத்தாளில் பென்சிலால் அடித்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்குப் பெரிய உதவி.

கட்டில் அளவு மேல்துணி இனி எனக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதை வெட்டி இரண்டு மேசை விரிப்பும் சில திண்டு உறையும் செய்யலாம். ஆனால் கத்தரி வைக்குமுன் கவனம். அறுகோணங்களை இணைத்த கைத்தையல் வெட்டிய இடத்திலிருந்து பிரிந்துகொண்டே போகும். வெட்டப்போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில் மெஷினில் ஒரு தையல் ஓட்டிவிட்டு, நடுவில் வெட்டுங்கள்.

மார்ச் 3

முதல் கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. முந்தானை முடிந்து, ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டும் போய்விட்டார். அக்கா வந்து இரண்டு பேரும் கூடத்தில் போர்வையை விரித்து, வேட்டிப் பின்துணி வைத்து, ஊக்குக் குத்தி முடித்திருக்கிறார்கள். அக்காவுக்கே இப்போது ஒரு போர்வை தைக்க ஆசை வந்திருக்கிறதாம். ரொம்பச் சந்தோஷம். ஒரு வானம் மேகமாக முடிந்தது. இன்னொன்று இன்னும் வானமாகவே இருக்கிறது, இருக்கட்டும்.

அடுத்த கேள்வி: மூன்று அடுக்கும் சேர்ந்து பிடிக்க இந்த அறுகோணங்களின்மேல் எப்படித் தைப்பது? ஒவ்வொன்றின் உள்ளேயும் கால் அங்குலம் விட்டு ஆறு பக்கமும் தைப்பதுதான் பார்க்க அழகு. ஆனால் 2,000 அறுகோணம் என்பதை மறந்துவிடாதீர்கள், அது இன்னொரு வானம். நான் என்றால் வரிசைகளைக் குறுக்காக வெட்டிப் போகும் நேர்க்கோடுகளாகப் போடுவேன், இரண்டு அங்குலத்துக்கு ஒன்று. வாடிங் வாங்கிய உறையில் எத்தனை அங்குலத்துக்குள் தைக்க வேண்டும் என்று போட்டிருக்கும், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துவைக்கும்போது உள்ளே திரளும்.

ஊசி குட்டையானதாக வாங்குங்கள், பிட்வீன்ஸ் என்று கேட்டால் தருவார்கள், ஒன்பது அல்லது பத்தாம் நம்பர். நூல் ஒரு முழத்துக்கு மேல் கோர்க்க வேண்டாம், உரசி உரசி நைந்துபோகும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் வர வேண்டும் என்று படித்துவிட்டுக் கவலைப்பட்டிருக்கிறார். ஆறு வந்தாலும் போதும், ஒன்றுபோல இருக்கட்டும். நடுவிலிருந்து வெளியே வாருங்கள்.

மார்ச் 4

அதுவும் முடியாது, விரல் வலிக்கிறது என்பவர்களுக்கு: முடிச்சுப் போடுங்கள். நான்கு அங்குலத்துக்கு ஒரு இடத்தில் ஆறு இழை நூலை மூன்று அடுக்கும் ஊடுருவும்படி விட்டு, மேலே இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டு, முக்கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். முடிச்சுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் இதற்கும் உறையில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பழைய காலத்திலிருந்து வரும் முறைதான், இதில் குறைவு ஒன்றும் இல்லை. என் ரவிக்கைப் பிட்டுப் போர்வையை இப்படித்தான் முடித்தேன், இப்போது தினமும் யாராவது போர்த்திக்கொள்கிறார்கள்.

மார்ச் 11

வேட்டிக் கரையைப் பற்றி ஒரு கடைசிச் சந்தேகம் வந்தது. வெளி ஓரங்களில் வரும் இரண்டு கரையும் ஓரம் நேராக்கி வெட்டும்போது போய்விடும், அவற்றைப் பற்றி நினைக்க வேண்டாம். நடுவில் இணைத்த இடத்தில் கரை மெல்லியதாக இருந்தால் மடிப்புக்குள்ளேயே அடங்கும். அகலமாக இருந்து பின்பக்கம் குறுக்கே தெரிந்தால் தெரியட்டும், நன்றாகவே இருக்கும். அந்த இடத்தில் நெசவு நெருக்கம், இணைப்பின் மடிப்பும் சேர்ந்து ஊசி இறங்கச் சிரமப்படும். அதனால் தையல் கோடு எதுவும் கரையின் மேலேயே நீளமாக ஓடாதபடி, அதற்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். குறுக்கே தாண்டிப் போகும் கோடு என்றால் ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுங்கள், நான்கைந்தைச் சேர்த்து ஊசியில் எடுக்க வேண்டாம்.